வரிக்கும் வரிக்கும் நடுவே

எழுத்து இன்னும் கட்டம் கட்டமாகத்தான் வந்துகொண்டிருந்தது. ஆசீர் மறுபடியும் மூக்குத்தி என்று அடித்துப் பார்த்தார். கருப்புத் திரையில் வெள்ளைக் கட்டங்கள் வரிசையாக வந்து உட்கார்ந்தனவே தவிர மூக்கும் வரவில்லை, குத்தியும் வரவில்லை. மூன்று மாதம் மூடிக் கிடந்த லேப்டாப். இன்றைக்குச் சர்ச்சிலிருந்து வந்து, பக்கத்து வீட்டு மேரி அக்கா கொடுத்துவிட்ட மீன்குழம்பை ஊற்றி இரண்டு வாய் தின்று, சட்டையைக்கூடக் கழற்றாமல் திறந்தபோது, அது தன் பாட்டுக்கு என்னென்னவோ புதுப்பித்துக்கொண்டு, முன்பு அரைகுறையாகவாவது தெரிந்த தமிழையும் விழுங்கிவிட்டிருந்தது. நல்லதுதான் என்று ஒரு கணம் தோன்றியது, தோன்றியதும் வெட்கமாக இருந்தது. நல்லதாவது. மணி ஒன்றே முக்கால். நாலு மணிக்கு ஜெனிதா மதுரையிலிருந்து வந்துவிடுவாள். பெற்ற மகளிடம் கட்டம் கட்டமாக இருக்கிறதம்மா என்று கையை விரித்துக் காட்ட முடியுமா, அதுவும் இருபத்து நாலு வருஷமாகக் காலேஜில் கம்ப்யூட்டர் லேபைக் கட்டி மேய்க்கிற அப்பன். போன வாரம் போனில் சொல்லியிருந்தாள், "அம்மா டைப் பண்ணினதெல்லாம் அந்த லேப்டாப்லதானப்பா இருக்கு, எனக்கு எல்லாத்தையும் வாசிக்கணும், கடைசி நாள்ல உள்ளதையும் வாசிக்கணும்." கடைசி நாளில் உள்ளதை ஆசீரே வாசித்ததில்லை. அது அவருக்கு மட்டும்தான் தெரியும். மற்ற எல்லோருக்கும், சர்ச் முழுக்க, காலேஜ் முழுக்க, துக்கத்துக்குச் சாயர்புரத்திலிருந்து வந்திருந்த மனைவி பியூலாவின் சித்திமாருக்கெல்லாம்கூட, பியூலா கடைசியாக என்ன சொன்னாள் என்பது தெரியும். போயிட்டு வாங்க என்று சொன்னாள். அதுதான் நாளைக் காலையில் கல்லறைக் கல்லில் வெட்டப்படப்போகிறது.

எழுத்துருவை மாற்றினார். திரை ஒருமுறை செத்து உயிர் பெற்றது. இப்போது கட்டங்கள் போய் எழுத்து வந்துவிட்டது, ஆனால் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம், துணைக்கால் அடுத்த எழுத்தின் முதுகில். இதுதான் பழைய கோலம். இந்தக் கோலத்தில்தான் அவள் நாலு மாதம் பேசினாள். ஜனவரியில் அவள் குரல்வளையை எடுத்துவிட்டுக் கழுத்தில் ஒரு துளை வைத்து அனுப்பினார்கள், மூச்சு அது வழியாக. பேச்சுக்கு வழி ஒன்றும் வைக்கவில்லை. பெண்கள் பள்ளியில் பி.டி. டீச்சர் அவள். விசிலை எடுக்காமலே மைதானத்தின் அந்தக் கோடியில் ஓடுகிற பிள்ளையை ஒரே சத்தத்தில் நிறுத்துகிறவள். கல்யாணமான புதிதில் அவள் அடுக்களையிலிருந்து கூப்பிட்டால் தெருவில் போகிறவன் நின்று திரும்பிப் பார்ப்பான், ஆசீர் வெட்கப்பட்டு, ஏட்டி மெதுவாத்தான் கூப்பிடேன் என்பார். மெதுவாத்தான். கேட்டுக்கொண்டாயா கர்த்தரே, என்று இப்போது நினைத்தார், நான் கேட்டதை எவ்வளவு நன்றாகக் கேட்டுக்கொண்டாய். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த முதல் வாரம் நோட்டில் எழுதிக் காட்டினாள். "நோட்டுல எழுதினா நீங்க கண்ணாடியத் தேடப் போயிருதிய, வாரதுக்குள்ள எனக்குச் சொல்ல வந்ததே மறந்துருது" என்று அதையும் நோட்டிலேயே எழுதிக் காட்டிச் சத்தமில்லாமல் சிரித்தாள். போனில் அடிக்கிற எழுத்தோ எறும்பு மாதிரி. அதனால் ஆசீர் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து சின்ன புரோகிராம் ஒன்று எழுதினார். டெர்மினல் என்கிற அந்தக் கருப்புத் திரையில் அவள் அடித்து என்டர் தட்டினால் அது பெரிய எழுத்தில் மேலே போய் நிற்கும், என்றைக்கு எத்தனை மணிக்கு என்ற குறிப்போடு ஒரு ஃபைலிலும் சேர்ந்துகொள்ளும். பேசு என்று அதற்குப் பேர் வைத்தார். அவருக்கு அன்றைக்கு ஒரே பெருமை. காலேஜில் இரண்டு பேரிடம் சொன்னார். கண்ணாடி போடாமலே தெரிகிற அளவுக்குப் பெரிய எழுத்து, அதுதான் அவருடைய சாமர்த்தியம். அந்தச் சாமர்த்தியத்தில்தான் எல்லாம் கெட்டது.

ஏனென்றால் டெர்மினல் ஆங்கிலத்துக்கென்று பிறந்த சாமான். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரே அளவு அறை, ஒவ்வொரு வரிக்கும் ஒரே உயரம். ஆங்கில எழுத்து ஆளுக்கொரு அறையில் சமர்த்தாக அடங்கிவிடும். தமிழுக்குத் தலையில் புள்ளி, கொண்டை, காலில் சுழி, வால். எழுத்தைப் பெரிதாக்கினால் வரியின் உயரம் ஆங்கிலத்தின் கணக்கிலேயே நிற்க, கீழ்வரியின் புள்ளி போய் மேல்வரியின் வாலில் முட்டும். ஒரு வரியோடு முடிகிற பேச்சென்றால் தொந்தரவில்லை. தண்ணி, போதும், வலிக்கல, கதவச் சாத்துங்க. கொஞ்சம் நீளமாகப் பேசினாளானால் வரி மடங்கி அடுத்த வரிக்குப் போகும், போய் முதல் வரியின் மேலேயே ஏறிப் படுத்துக்கொள்ளும், கருப்பும் வெள்ளையுமாக ஒரு கும்பல், ஒன்றும் விளங்காது. அவள் சொன்னாள். "வரி மேல வரி ஏறுது, சரி பண்ணித் தாங்க." இதைக்கூட இரண்டாகப் பிரித்து, என்டர் தட்டி என்டர் தட்டித்தான் சொன்னாள், பாவம். ஞாயித்துக்கிழம பண்ணிருவோம் என்றார் ஆசீர். அந்த ஞாயிற்றுக்கிழமை மூத்த அண்ணன் மகன் கல்யாணம். அடுத்த ஞாயிறு சர்ச்சில் கன்வென்ஷன் கூட்டம், பந்தலில் நாற்காலி போடுகிற பொறுப்பு அவருக்கு. அதற்கடுத்த ஞாயிறு ஒன்றும் இல்லை. ஒன்றுமே இல்லை. மத்தியானம் கறிச்சோறு தின்றுவிட்டு மூன்று மணிநேரம் தூங்கினார். எழுந்து பார்த்தபோது அவள் கட்டிலில் சாய்ந்து இவரையே பார்த்துக்கொண்டிருந்தாள், திட்டுவாள் என்று நினைத்தார், திட்ட இரண்டு வரி வேண்டுமே. நல்லாத் தூங்கினிய, என்று மட்டும் திரையில் வந்தது. இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமை. பார், பியூலா, ஞாயிற்றுக்கிழமை பண்ணுகிறேன் என்றேன் அல்லவா, பண்ணிக்கொண்டிருக்கிறேன்.

கழுத்தில் வேர்வை இறங்கிற்று. ஆகஸ்ட் பிறந்தும் வெயில் குறைந்தபாடில்லை. தலைக்கு மேல் ஃபேன் இரண்டில் ஓடிக்கொண்டிருந்தது, அவள் கழுத்துத் துளை காற்றில் காய்ந்துவிடக்கூடாது என்று பயந்து பயந்து அவர் பழக்கிக்கொண்ட இரண்டு, ஆள் போன பிறகும் கை அங்கேயே கொண்டுபோய் நிறுத்துகிறது. அகலத்தைச் சரிசெய்ய இன்னொரு எழுத்துருவைத் தேடி இறக்கினார். கொம்பு எழுத்தோடு சேர்ந்துகொண்டது. கொழுக்கட்டை என்று அடித்தார். அழகாக வந்தது. இரண்டு வரிக்கு நீளுகிற மாதிரி, மூக்குத்தி போட்ட கொழுக்கட்டை மூலையில் குந்தி அழுகிறது என்று வாய்க்கு வந்ததை அடித்தார். வரி மடங்கியது, மடங்கி மேலே ஏறியது, ஒரே கும்பல். ஆகவே எழுத்துருவில் இல்லை வியாதி, உயரத்தில்தான் இருக்கிறது. எல்லாம் தெரிந்த விஷயம். அவருக்குத் தெரியாததா. அதைவிடத் தெரிந்த விஷயம் இன்னொன்று, ஃபைலை எடுத்துத் தன் போனுக்கு அனுப்பினால் இதே நொடியில் ஒவ்வொரு வரியும் பளிச்சென்று தெரிந்துவிடும். டெர்மினலுக்கு வெளியே எதில் திறந்தாலும் தெரியும். ஒரு நொடி வேலை. மூன்று மாதமாக அது ஒரு நொடி வேலையாகவே இருந்துகொண்டிருக்கிறது. அவள் கேட்டது இந்தத் திரையில் சரி பண்ணித் தரச் சொல்லி, அதனால் இந்தத் திரையில்தான் வாசிக்க வேண்டும் என்று தனக்குத்தானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டார். நியாயம் சொல்வதில் ஆசீரை மிஞ்ச ஆள் கிடையாது. பயமாக இருக்கிறது என்று சொன்னால் போதும், ஆனால் அதை மட்டும் சொல்ல வராது.

அந்த வியாழக்கிழமை காலை. காலேஜுக்கு ஆய்வுக் குழு வருகிற நாள். எட்டரைக்கு லேபில் இருக்க வேண்டியவர், எட்டு நாற்பதுக்கு வீட்டிலேயே ஒரு காலில் சாக்ஸோடு நின்றுகொண்டிருந்தார். அவள் டைப் அடிக்க ஆரம்பித்தாள். இரண்டு விரலால், கொத்திக் கொத்தி, தேடித் தேடி. சீக்கிரம் சொல்லு பிள்ளே என்றார். சொன்னோமா, சொல்லாமல் நினைத்தோமா. சொன்னோம். அவள் என்டர் தட்டிவிட்டு லேப்டாப்பை இவர் பக்கமாகத் திருப்பினாள். பார்த்தார். இரண்டு மூன்று வரி, ஒன்றின் மேல் ஒன்று ஏறி, ஒன்றும் புரியவில்லை. புரியவில்லை என்று சொன்னால் மறுபடி அடிப்பாள், அதற்கு ஐந்து நிமிஷம். சரி, சரி, என்று தலையை ஆட்டினார். அவளுக்கு முகம் தெளிந்தது. அதுதான், அந்தத் தெளிவுதான் மூன்று மாதமாக நெஞ்சில் முள்ளாகக் குத்துகிறது, என்னத்தைக் கேட்டிருந்தாலும் இவர் செய்துவிடுவார் என்று அவள் நம்பிவிட்டாள். அவள் பாதத்தை ஒருமுறை தொட்டுவிட்டு ஆசீர் வாசலுக்குப் போனார். திரும்பிப் பார்த்தபோது அவள் கையைத் தூக்கி வாசல் பக்கமாக நீட்டினாள். போயிட்டு வாங்க என்று அர்த்தம், வேறென்ன, வாசலில் நின்றுகொண்டிருப்பவனைப் பார்த்துக் கையைத் தூக்கினால் வேறென்ன அர்த்தம். வெளியே பைக்கை உதைக்கும்போது டம்ளரில் ஸ்பூன் தட்டுகிற சத்தம் கேட்டது. கேட்டதா? கூப்பிட வேண்டுமானால் தட்டு என்று அவர்தான் எவர்சில்வர் டம்ளரையும் ஸ்பூனையும் கட்டிலோரம் வைத்திருந்தார். இரண்டு தட்டு. இல்லை, அது எதிர்வீட்டுக் கேட்டின் கொண்டியாக இருக்கும். கேட்டின் கொண்டிதான். பைக் கிளம்பிவிட்டது.

பதினொரு மணிக்குக் கஞ்சி கொண்டுவந்த மேரி அக்காதான் பார்த்தது. வாசலுக்கு உள்பக்கமாகக் கிடந்தாள். விழுந்ததில் துளையில் இருந்த குழாய் நகர்ந்து மூச்சு அடைத்துக்கொண்டது என்றார் டாக்டர், விழாமலிருந்தால் இன்னும் இரண்டு மூன்று வருஷம் தள்ளியிருக்கும் என்றும் சொன்னார், எதற்குச் சொன்னாரோ. ஏன் எழுந்தாள்? இரண்டு வாரமாகத் தனியாக எழுந்து நிற்காதவள். துக்க வீட்டில் எல்லோரும் அதைத்தான் கேட்டார்கள், அடுத்து, கடைசியா என்ன சொன்னா என்று கேட்டார்கள். ஆசீர் சொன்னார், போயிட்டு வாங்கன்னு கையக் காட்டினா. ஒருவர் இன்னொருவருக்குச் சொல்லி மறுநாளைக்குள் கை காட்டியது வாயால் சொன்னது மாதிரி ஆகிவிட்டது, ஆசீர் திருத்தவில்லை. அடக்க ஆராதனையில் போதகர் ஐயர் அதை வைத்தே பிரசங்கம் பண்ணினார். படுக்கையில் கிடந்த நம்முடைய சகோதரி, வேலைக்குப் போகிற கணவனை வழியனுப்ப எழுந்து வாசல்மட்டும் நடந்து வந்தாள், எப்படிப்பட்ட அன்பு. சபையே அழுதது. ஆசீரும்தான் அழுதார். அழுதுகொண்டிருக்கும்போதே மேரி அக்கா யாரிடமோ சொல்வது காதில் விழுந்தது, "நான் வந்து பாக்கேன், ஃபேனு பறக்கு பறக்குன்னு சுத்துது, போர்வயெல்லாம் கீழ கெடக்கு, பிள்ள வாசல்ல கெடக்கா." யார் கையாலோ மூடப்பட்ட லேப்டாப் அலமாரி மேலே போனது. அங்கேயே இருந்திருக்கலாம். ஜெனிதா கேட்காவிட்டால் இருந்திருக்கும்.

போன் அடித்தது. மகளாக இருக்கும், பஸ் கோவில்பட்டி தாண்டியிருக்கும் என்று எடுத்தால் கல்வெட்டுக்கார இசக்கியப்பன். "அண்ணாச்சி, கும்பிடுதேன். கல்லு வந்து எறங்கியாச்சு. காலையில எழுத்து வெட்ட உக்காந்துருவேன். வாசகம் அன்னைக்கு ஜெனிதா பாப்பா சொன்னதுதானே? போயிட்டு வாங்க?" ஆசீர் ம் என்றார். "பேரு ஒரு வரி, தேதி ஒரு வரி, வசனம் ரெண்டு வரி, அப்புறம் இது. வரிக்கு நடுவுல எடம் எவ்ளவு விடட்டும்னு கேக்கத்தான் போட்டேன். நெருக்கி விட்டா கல்லு சின்னதாத் தெரியும், பாக்க நல்லாத்தான் இருக்கும், ஆனா நாலு மழ பெஞ்சா புள்ளியில பாசி அடஞ்சு மேல் வரியும் கீழ் வரியும் ஒண்ணாயிரும். வாசிக்க ஆளு வரும்போது ஒண்ணும் தெரியாது." எடத்தத் தாராளமா விடுங்க அண்ணாச்சி, என்றார் ஆசீர். "விட்டுருதேன். ஒரு தடவ வெட்டிட்டா அழிக்க முடியாது, அதான், சாயங்காலத்துக்குள்ள மாத்தம் இருந்தாச் சொல்லிருங்க." மாற்றம் ஒன்றும் இல்லை என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் வைத்துவிட்டார். கல்லை வெட்டுகிறவருக்குத் தெரிந்திருக்கிறது. கேட்டிருக்கலாம், லேப்டாப்பைக் கொண்டுபோய் அவரிடம் காட்டியிருக்கலாம், அண்ணாச்சி இதில் இடம் எவ்வளவு விடட்டும் என்று. சிரிப்பு வந்தது, சிரித்துக்கொண்டே மேஜையில் நெற்றியை வைத்துக்கொண்டார்.

மணி மூன்று ஐந்து. டெர்மினலின் அமைப்புக் கோப்பைத் திறந்தார். அதில் வரி உயரம் என்று ஒரு இடம், எதிரே ஒன்று என்று ஒரு எண். ஒன்றை எடுத்துவிட்டு ஒன்று புள்ளி இரண்டு போட்டார். சேமித்தார். திரையில் கொழுக்கட்டை வரி கொஞ்சம் இறங்கியது, இன்னும் புள்ளி வாலில் இடித்தது. ஒன்று புள்ளி ஐந்து. மூக்குத்தி போட்ட கொழுக்கட்டை மேல்வரியிலும், மூலையில் குந்தி அழுகிறது கீழ்வரியிலும் தனித்தனியாக நின்றன, ஒன்றையொன்று தொடாமல், புள்ளி புள்ளியாக, சுழி சுழியாக. அவ்வளவுதான். முடிந்தது. ஆசீர் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். கட்டம் கட்டமாக வந்ததையும் சேர்த்தால்தான் இன்றைக்கு இவ்வளவு நேரம், அன்றைக்கு இது ஒன்றுதான் பாக்கி, ஒரு இடம், ஒரு எண். இரண்டு நிமிஷம். கல்யாண வீட்டுக்குக் கிளம்புமுன் சட்டைக்கு இஸ்திரி போட்ட நேரத்தில் முடிந்திருக்கும். தூங்கி எழுந்து காப்பி ஆறுகிற நேரத்தில் முடிந்திருக்கும். அவர் கை ஃபைல் பக்கம் போகவில்லை. ஒன்றுமில்லாத ஏதாவதாகத்தான் இருக்கும். வரும்போது மாத்திரை வாங்கிட்டு வாங்க, மேரி அக்காவச் சீக்கிரம் வரச் சொல்லுங்க. போயிட்டு வாங்க என்றேகூட இருக்கலாம், ஏன் இருக்கக்கூடாது. இல்லாவிட்டால்? வாசிக்காமலே அந்த நாளை மட்டும் அழித்துவிட்டால் என்ன. நாலு விசை. ஜெனிதாவிடம், கடைசி நாள் ஒன்றும் அடிக்கவில்லையம்மா, கையைத்தான் காட்டினாள் என்று சொல்லிவிடலாம், கல் வெட்டப்படும், மழை பெய்யும், ஐயர் சொன்னதும் சபை அழுததும் அப்படியே நிற்கும். நாலு விசைதான். விரல் விசைமேல் போய் நின்றுவிட்டது. இரண்டு விரலால் கொத்திக் கொத்தி அவள் அடித்ததை இவர் நாலு விசையில் அழித்துவிடுவாராக்கும். விரலை எடுத்துக்கொண்டார். எடுத்த கையாலேயே ஃபைலைத் திறந்தார்.

முதலிலிருந்து வந்தது. பிப்ரவரி. தண்ணி. போதும். ஜெனிக்கு போன் போடுங்க. மீன் வாசன வருது, மேரியக்கா வீட்லயா. ஒரு வரிப் பேச்சுகள், எல்லாம் அவர் வாசித்தவை. நடுவில் ஒன்று, இரண்டு வரி, இவர் தலையாட்டிய நாட்களில் ஒன்று. 'ஸ்கூல்ல புதுசா வந்த பி.டி. டீச்சர் எப்பிடின்னு வசந்தா டீச்சர்ட்ட கேட்டுச் சொல்லுங்க, பிள்ளைகளுக்கு என்னத் தேடுதா' என்று இருந்தது. கேட்கவில்லை. சொல்லவில்லை. இன்னொன்று. 'தூங்கும்போது எனக்கு என் சத்தம் கேக்கு, கனவுல நான் நல்லாப் பேசுதேன், நீங்க மெதுவாப் பேசுன்னு திட்டுதிய.' இதற்கும் சரி என்றிருப்பார். இன்னொன்று, ஏப்ரல் கடைசியில். 'நீங்க வாசிக்காமத்தான் தலைய ஆட்டுதியன்னு எனக்குத் தெரியும், பரவாயில்ல, ஆட்டவாவது செய்திய.' ஆசீர் அந்த இடத்தில் எழுந்தார், உட்கார்ந்தார், தண்ணீர் குடிக்கலாம் என்று மறுபடி எழுந்து, எதற்கு எழுந்தோம் என்று தெரியாமல் நின்று, மறுபடி உட்கார்ந்தார். தெரியும் அவளுக்கு. தெரிந்துகொண்டே நாலு மாதம் அடித்திருக்கிறாள். பிறகு மே. வியாழக்கிழமை. எட்டு நாற்பத்திரண்டு. மூன்று வரி, நடுவே தாராளமாக இடம் விட்டு, ஒவ்வொரு புள்ளியும் தனித்தனியாகத் தெரிந்தது. 'ஃபேனக் கொஞ்சம் கூட்டி வச்சிட்டுப் போங்க. வேர்த்து ஊத்துது, மூச்சு முட்டுது. எந்திரிச்சா தல சுத்துது, என்னால சுவிட்சு வரைக்கும் நடக்க முடியாது.' சுவிட்சு வாசலை ஒட்டிய சுவரில் இருக்கிறது. அவள் கையை நீட்டியது அங்கே. ஆசீர் கண்ணை மூடிக்கொண்டார், மூடினால் மேரி அக்காவின் குரல், பறக்கு பறக்குன்னு சுத்துது. போய்ச் சேர்ந்திருக்கிறாள். தலை சுற்றச் சுற்றச் சுவரைப் பிடித்து நடந்து, போய், திருகி, ஐந்து வரைக்கும் திருகியிருக்கிறாள், திரும்பித்தான் வரவில்லை. கண்ணைத் திறந்தபோது அதற்குக் கீழே இன்னும் ஒரு வரி இருப்பது தெரிந்தது. ஒரே வரி. எட்டு நாற்பத்தி நாலு. இதற்கு வரி உயரமெல்லாம் தேவையே இல்லை, பழைய திரையிலேயே தெரிந்திருக்கும், பார்க்க ஆள் இருந்திருந்தால். 'போயிட்டியளா?'

வாசலில் செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டபோது திரை இருண்டுபோயிருந்தது. ஜெனிதா பையை நாற்காலியில் போட்டாள். "பஸ்ஸுல நிக்கக்கூட எடமில்லப்பா. சாப்ட்டியளா? ஏன் இப்பிடி வேர்த்து வடியுது உங்களுக்கு?" பையின் பக்கத்து ஜிப்பைத் திறந்து மடித்த தாளை எடுத்தாள், கல்லில் வெட்ட வேண்டியதை வரிவரியாக எழுதி வைத்திருந்தாள், கடைசி வரிக்கு அடியில் கோடு போட்டு. "இசக்கியப்பன் அண்ணாச்சிகிட்ட சாயங்காலமே குடுத்துருவோம். அம்மாவோடது கிடைச்சுதா, தெரியுதா?" தெரியுது, என்றார் ஆசீர். ஒரு விசையைத் தட்டினார். திரை வெளிச்சமானது. எழுந்து இடம் கொடுத்தார். அவள் உட்கார்ந்து, முடியைக் காதுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு, சின்ன வயதில் வாசிப்பதுபோலவே உதடு அசைய அசைய வாசித்தாள். மூன்று வரி. அப்புறம் அந்த ஒரு வரி. மறுபடி மேலே போய் முதலிலிருந்து வாசித்தாள். தலையைத் திருப்பி வாசலை ஒட்டிய சுவரைப் பார்த்தாள், அண்ணாந்து ஃபேனைப் பார்த்தாள், கடைசியில் அப்பாவைப் பார்த்தாள். கையிலிருந்த தாள் மடிப்புக் கலைந்து மடியில் கிடந்தது. "கூட்டி வச்சியளாப்பா?" என்று கேட்டாள். குழந்தை கேட்கிற மாதிரிதான் கேட்டாள், ஆமா என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் நம்பிவிடுகிற முகம், அம்மாவுக்கு இருந்த அதே முகம். ஆசீருக்குத் தலை தன்னால் ஆடப் பார்த்தது. ஆடவிடாமல் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"இல்லம்மா" என்றார். "நான் வாசிக்கல. சரின்னு சொல்லிட்டுப் போயிட்டேன்."